ரத்ததான முகாமில் யாரை எங்கே நிறுத்துவது

‘ஞாயிறு ரத்ததான முகாம், எல்லோரும் வந்துடுங்க’ என்று சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டால் கட்டைவிரல்கள் வரிசையாக விழும். காலையில் பந்தலில் நாலைந்து பேர்தான் நிற்பார்கள். ஆர்வம் போதவில்லை என்று திட்டிப் பயனில்லை. என்ன வேலை, எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று தெரியாத இடத்துக்கு யார் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பார்கள்? தனித்தனியாகப் போன் போட்டு, “எட்டுலேர்ந்து பத்தரை வரைக்கும் நீங்க படிவ மேசை. பத்தரைக்கு ஆள் வந்து மாத்திடும்” என்று கேளுங்கள். முடியாதவர் அப்போதே சொல்லிவிடுவார்; அதுவும் லாபம்தான்.

தேதியை ரத்த வங்கியிடம் கேட்டே குறிக்க வேண்டும். உலக ரத்தக் கொடையாளர் தினமான ஜூன் 14, தேசிய தன்னார்வ ரத்ததான தினமான அக்டோபர் 1 வந்தால் ஊரெல்லாம் முகாம். அன்று குவிவதை நெடுநாள் சேர்த்துவைக்கவும் முடியாது: வழக்கமான பையில் முழு ரத்தம் 35 நாள்தான் தாங்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 5 நாள். கல்லூரிகள் மூடிக்கிடக்கும் மே மாதத்திலோ தட்டுப்பாடு.

ஒருவர் படுத்து எழ 15 நிமிடம் என்று வைத்தால், நான்கு படுக்கையில் மணிக்கு 16 பேர். பத்து மணிக்கு அறுபது பேர் ஒன்றாக வந்தால் பாதிப்பேர் சலித்துத் திரும்பிவிடுவார்கள். அதனால் சனிக்கிழமை மாலை போன் செய்ய இரண்டு பேர் வேண்டும். சொல்ல வேண்டியது இரண்டே விஷயம்: உங்கள் நேரம் இது, சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

வாய்ச்சாலக்காரர்களை வாசலில் நிறுத்தி, ஜூஸ் மேசையைச் சும்மா நிற்கும் பையனிடம் தள்ளிவிடுவதுதான் வழக்கம். உண்மையில் கவனமான ஆள் வேண்டியது அங்கேதான். ரத்தம் கொடுத்தவர்கள் பலர் படுக்கையில் நன்றாகத்தான் இருப்பார்கள். எழுந்து நடந்தபிறகு, சில சமயம் வண்டியை எடுக்கப் போகும்போது, தலைசுற்றும். 10–15 நிமிடம் உட்கார வைத்து முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளிறிப்போய் வியர்த்தால் உடனே படுக்கவைத்து, காலைத் தூக்கி வைத்து, டாக்டரைக் கூப்பிட வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஜூஸ் ஊற்றக் கூடாது.

அடுத்து, திருப்பி அனுப்பப்படுகிறவர்கள். எடை 45 கிலோவுக்குக் கீழே, 100 மி.லி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் கீழே என்றால் எடுக்க மாட்டார்கள். கல்லூரிப் பெண்களில் பலர் இதில் நிற்பார்கள். “உனக்கு ரத்தமே இல்லையாம்” என்று ஒரு தன்னார்வலர் சத்தமாகச் சொன்னால் போதும், அந்தப் பெண் இனி எந்த முகாம் பக்கமும் வரமாட்டாள். பக்குவமாகப் பேசத் தெரிந்த ஓர் அக்காவை அங்கே உட்கார வையுங்கள். அவர்களுக்கும் அதே ஜூஸ், அதே பிஸ்கட். சிலர் அன்றே வேலைக்கும் நின்றுவிடுவார்கள்.

கைக்காசு போட்டவருக்குப் பொருளாளர் அன்று மாலையே பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். பொன்னாடை மேடையை முடிந்தவரை தவிருங்கள். தலைவருக்கு நாலு விழும், குப்பை அள்ளியவர் பெயர் யாருக்கும் தெரியாது.

கடைசியாக, பட்டியல். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் கழித்து மறுபடி கொடுக்கலாம் என்பதால், பெயர், போன் எண், அடுத்த தேதி மூன்றையும் ஒரே ஆள் எழுதி வைக்கட்டும். யாரை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பது அதில் இருக்கக் கூடாது.