அமெரிக்க அழைப்புகளிலிருந்து பிரிட்டன் அழைப்புகளுக்கு: காதைப் பழக்கிய அனுபவம்

சென்னை கால் சென்டர்களில் அமெரிக்க ப்ராசஸிலிருந்து (அந்நாட்டு வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கையாளும் பிரிவு) பிரிட்டன் ப்ராசஸுக்கு மாறுவது சாதாரணமாக நடப்பதுதான். நானும் அப்படி மாறினேன். ராத்திரி முழுக்க விழித்திருந்த வேலை போய், மதியம் தொடங்கும் ஷிப்ட் வந்தது. லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. உடம்பு சீக்கிரமே தேறிவிட்டது. காதுதான் மறுபடி பாலர் வகுப்பில் போய் உட்கார வேண்டியிருந்தது.

பயிற்சி சொற்பட்டியலில் தொடங்கியது. எலிவேட்டர் அல்ல லிஃப்ட், ஃப்ளாஷ்லைட் அல்ல டார்ச், கேஸ் அல்ல பெட்ரோல். இவை நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிற சொற்கள் என்பதால் யாரும் திணறவில்லை. திணறல் ஒலியில் வந்தது. எங்கள் பயிற்றுநர் அதைத் தமிழை வைத்தே விளக்கினார். எனக்குப் பிடி கிடைத்தது அங்கேதான்.

அமெரிக்கர் 'வாட்டர்' என்னும்போது நடுவில் வருவது நம் ட இல்லை. நாக்கு நுனி மேலே ஒருமுறை தட்டிவிட்டுப் போகிறது, கிட்டத்தட்ட நம் ர. 'சிட்டி' நம் காதில் 'சிரி' என்று விழும். 'ரைட்டர்', 'ரைடர்' இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். பிரிட்டனில் பலர் அந்த ட-வைத் தெளிவாகச் சொல்வார்கள். லண்டன் பக்கத்தில் நிறையப் பேர் அதைத் தொண்டையிலேயே அடைத்துவிடுவார்கள். 'வாட்டர்' அங்கே 'வோ-அ'.

அப்புறம் ர. தென் இங்கிலாந்தில் சொல்லின் கடைசியிலும் மெய்யெழுத்துக்கு முன்னாலும் ர ஒலிப்பதில்லை. கார் 'கா' ஆகும், பார்க் 'பாக்' ஆகும். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் போன ர திரும்பி வரும். எழுத்தில் இல்லாத ர-கூட வரும்: 'லா அண்ட் ஆர்டர்' என்பதை 'லோரண்ட் ஓட' என்பது போலச் சொல்வார்கள். மணி, அடித்தது இரண்டையும் சேர்க்கும்போது நாம் நடுவில் ய் போடுகிறோமே, அதே உடம்படுமெய் வேலைதான். இதைக் கேட்ட நிமிடத்திலிருந்து அந்த ர எனக்குக் குழப்பமாகவே இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆங்கிலம் கெட்டுப்போன ஆங்கிலம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 1607-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் குடியேறியவர்கள் காலத்தில், பெரும்பாலான அமெரிக்கர் இன்றும் சொல்லும் அந்த ர-வை இங்கிலாந்திலும் பெரும்பாலோர் சொன்னார்கள். தென் இங்கிலாந்தில் ர உதிர்ந்தது முக்கியமாக 18ஆம் நூற்றாண்டில். 'பாத்', 'க்ளாஸ்' ஆகியவற்றில் வரும் நீண்ட ஆ-வும் பிறகு பரவியதுதான். பழைய ஒலிகள் சிலவற்றை அமெரிக்காதான் காப்பாற்றி வைத்திருக்கிறது.

வேலையில் மிகவும் முக்கியமானது முடியும், முடியாது என்பவை. எங்களுடையது கட்டணப் பாக்கி பற்றிய அழைப்புகள். அமெரிக்கர் 'கேன்ட்' என்னும்போது கடைசி ட் பெரும்பாலும் வெளியே வராது. 'கேன்' என்று அழுத்தமாகக் கேட்டால் முடியாது. 'க்ன்' என்று சுருங்கிக் கேட்டால் முடியும். அழுத்தத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும், அதனால் எப்போதும் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்வேன். இங்கிலாந்தில் முடியாது என்பது 'கான்ட்', நெடில் ஆ. குறில் நெடிலில் வளர்ந்த காதுக்கு இது பெரிய நிம்மதி.

எண்களில் வேறு பழக்கம். பிரிட்டன்காரர் போன் நம்பரை நம்மைப் போலவே 'டபுள் செவன்' என்பார். அமெரிக்கர் பெரும்பாலும் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வார். 'ஹாஃப் செவனுக்குக் கூப்பிடுங்கள்' என்றால் ஏழரை. ஆறரை என்று குறித்துவிட்டால் ஒரு மணி நேரம் முந்திவிடும். நம் பின்கோடு போன்ற போஸ்ட்கோடில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். லண்டன்காரர் சிலர் வாயில் 'ஏ' என்பது 'ஐ' போல விழும். A-வுக்கு ஆல்ஃபா, I-க்கு இந்தியா என்று அடையாளச் சொல் வைத்து, 'ஆல்ஃபாவா, இந்தியாவா?' என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

வகுப்பு முடிந்து நெஸ்டிங்கில், அதாவது மேற்பார்வையில் வேலை பழகும் கட்டத்தில், உண்மையான அழைப்புகளை எடுத்தபோதுதான் பயிற்சியின் குறை தெரிந்தது. வகுப்பில் கேட்டதெல்லாம் செய்தி வாசிப்பவர் உச்சரிப்பு. ஹெட்செட்டில் வந்தவர்களோ கிளாஸ்கோ, லிவர்பூல், நியூகாசில்காரர்கள். கிளாஸ்கோவில் ர உதிர்வதே இல்லை. பலர் வாயில் அது நம் ர-வுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் உயிரொலிகள் முற்றிலும் வேறு. நியூகாசில்காரரின் பேச்சு, ஏறி இறங்கும் அந்த ராகத்துக்குப் பழகும்வரை, வேறு மொழி போலவே இருந்தது. ஒரே உச்சரிப்பைக் கற்றுக்கொடுத்துவிட்டு அழைப்புகளை எடுக்கச் சொல்வது நியாயமில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

என்னைக் கரைசேர்த்தவை பிபிசியின் உள்ளூர் வானொலிகள். லிவர்பூல் பகுதியின் ரேடியோ மெர்சிசைடு, ரேடியோ நியூகாசில் இரண்டிலும் நேயர்கள் போன் செய்து பேசும் நிகழ்ச்சிகளாகத் தேடிக் கேட்டேன். தொகுப்பாளரைவிட நேயர்களின் பேச்சில்தான் பாடம் அதிகம். கால்வாய் அடைப்பு, பேருந்து தாமதம், பென்ஷன் என்று அவர்கள் புலம்புவதைக் கேட்டால், நம் வாடிக்கையாளர் கோபத்தில் எப்படிப் பேசுவார் என்பதும் பிடிபட்டுவிடும்.

மாறப் போகிறவர்கள் அவர்களைப் போலப் பேசிக்காட்ட மெனக்கெட வேண்டாம். நிதானமான நம் ஆங்கிலம் அவர்களுக்குப் புரிகிறது. பயிற்சி தொடங்கும்போதே, ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து, வேல்ஸ் என்று பகுதி பிரித்துப் பழைய அழைப்புப் பதிவுகளைக் கேட்க அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சொற்பட்டியலை ஷிப்டுக்குப் போகும் வேனிலேயே படித்துவிடலாம்.