மடையைத் திறந்தாச்சு, வடிகால் எங்கே?

போன வாரம் எங்கள் குட்டி டிராக்டரின் பின்பக்கம் எண்ணெயில் குளித்து நின்றது. 24 எச்.பி. வண்டி. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாழைத் தோப்புக்குள் நுழைந்து திரும்ப இதுதான் தோது. ஏத்தன் வாழைக் கன்று வைக்க ஒன்றரை அடிக் குழி வேண்டும், மண்வெட்டிக்கு ஆள் கிடைப்பதில்லை. அதனால் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் மோட்டார் வைத்த குழி தோண்டும் கருவி ஒன்றை லேத்தில் சொல்லிச் செய்து வாங்கியிருந்தேன்.

வண்டியில் டிப்பர் டிரெய்லரைத் தூக்க ஒரே ஒரு குழாய்தான் வெளியே வரும். டிரெய்லருக்கு அது போதும். ஏறின எண்ணெய் அதே வழியாக இறங்கிவிடும். மோட்டார் அப்படியில்லை, சுற்றுகிற நேரமெல்லாம் ஒரு பக்கம் எண்ணெய் நுழைந்து மறுபக்கம் வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். சரி என்று ஒரு வால்வு வைத்து, எண்ணெய் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனைத் தனியாக இழுத்து, கியர்பாக்ஸில் எண்ணெய் ஊற்றும் மூடியில் சேர்த்தேன். (இதில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான்.) அரை இஞ்ச் ஹோஸ், மாட்டிக் கழற்ற வசதியாக ஒரு குயிக் கப்ளர். அந்த வசதிதான் காலை வாரியது. கப்ளர் முழுதாக உட்காரவில்லை. உட்காராத கப்ளர் உள்ளே மூடியேதான் கிடக்கும். பிரஷர் போக வழியில்லாமல் எண்ணெய் கசியாமல் தடுக்கும் மோட்டாரின் ஆயில் சீலைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

மெக்கானிக் அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "மடையைத் தொறந்து விட்டுட்டு வடிகால அடைச்சா வயலு என்னடே ஆவும்?" கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம்?

புது ஆயில் சீல் போட்டோம். ரிட்டர்ன் ஹோஸை முக்கால் இஞ்ச் ஆக்கினோம். கால் இஞ்ச்தானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் எண்ணெய்க்கு உண்டாகும் தடை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்காகிவிடும். கப்ளருக்குப் பதில் மரையில் முறுக்கிச் சேர்க்கும் யூனியன். ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் போட்டுத்தான் கழற்ற வேண்டும், இருக்கட்டும். மரையில் சுற்ற நான் டெஃப்லான் டேப்பை எடுத்ததும் அண்ணாச்சி பிடுங்கி எறிந்தார். அதன் பிசிறு வால்வுக்குள் போனால் உள்ளே நகரும் தண்டான ஸ்பூல் சிக்கிக்கொள்ளும். இரும்பு வளையத்துக்குள் ரப்பர் உதடு வைத்த டௌட்டி வாஷரைப் போட்டு முறுக்கினார்.

அதோடு விட்டதா? பத்துக் குழி போடுவதற்குள் டிராக்டரின் பின்னால் கருவியைத் தூக்கும் லிஃப்ட் உதற ஆரம்பித்தது. எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் எண்ணெய் கடைந்த மோர் மாதிரி நுரைத்திருக்கிறது. மூடி வழியாக மேலிருந்து கொட்டுகிற எண்ணெய் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பக்கவாட்டில், எண்ணெய் மட்டத்துக்குக் கீழே ஒரு பிளக் இருந்தது. அதை முதலிலேயே பார்த்திருக்கலாம். மொத்த எண்ணெயையும் வடித்து, லைனை அங்கே மாற்றி, திரும்ப ஊற்றினோம். அதற்கே அரை நாள் போயிற்று.

நேற்று பொழுது சாய்வதற்குள் 62 குழி. நுரை இல்லை. யூனியனில் மட்டும் லேசாகக் கசிகிறது. அடியில் பழைய நல்லெண்ணெய் டப்பா ஒன்றைக் கட்டித் தொங்க விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கன்று லாரி வந்துவிடும், இன்னும் முக்கால்வாசிக் குழி பாக்கி.