ஸ்லாக்: எவ்வளவு லூஸ் சரி?

ஆங்கில அகராதியில் ‘ஸ்லாக்’ (slack) என்று தேடினால் தளர்வு, தொய்வு என்று இருக்கும். மெக்கானிக் கடையில் எல்லாமே ‘லூஸ்’தான். ஆனால் நம் வாயில் லூஸ் என்றாலே கோளாறு. ஸ்லாக் பல இடங்களில் தெரிந்தே விட்டுவைக்கிற இடம். மொழிபெயர்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

பைக் செயினையே எடுத்துக்கொள்வோம். கீழ்ப்பக்கச் செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் ஆடுகிற தூரம்தான் ஸ்லாக். 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ.; சரியான அளவு வண்டியின் மேனுவலில் இருக்கும். ஆள் ஏறி உட்கார்ந்தாலோ பள்ளத்தில் இறங்கினாலோ ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) மேலே எழும்பி, இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயின் ஓடும் பல்சக்கரம்) இடையிலான தூரம் கூடும். அதற்கு இடம் விடாமல் இறுக்கினால் செயின் விறைத்து, பேரிங்கைத் தின்றுவிடும். அதிகம் விட்டால் செயின் கவரில் கடகடவென்று அடிக்கும், ஒருநாள் கழன்றும் விடும்.

இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். செயின் ஒரே சீராகத் தேயாது. ஆக இறுக்கமான இடத்தில்தான் அளவு வைக்க வேண்டும். ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இருபுறமும் ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும். நட்டை இறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும். டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னே போனதும் பிரேக் ராடு இழுபடும். பெடல் ஆட்டத்தையும் சரிபார்க்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

கட்டுமான அட்டவணையில் வரும் ஸ்லாக் நாள்கணக்கு. தளம் போட்டு முட்டுப் பிரிக்க 14 நாள். அதற்குள் முடிய வேண்டிய ஜன்னல் சட்டத்துக்கு ஆசாரிக்கு 5 நாள் போதும் என்றால், அந்த வேலைக்கு ஸ்லாக் 9 நாள். இதைத் ‘தாமதம்’ என்று எழுதினால் பொருள் தலைகீழ். ‘அவகாசம்’ பொருந்தும்.

கடலில் ‘ஸ்லாக் வாட்டர்’ என்றால் ஓதம் திரும்புமுன் நீரோட்டம் சற்று நேரம் அடங்கி நிற்பது. கடல்மட்டம் உச்சம் தொடும் நேரமும் இதுவும் எல்லா முகத்துவாரத்திலும் ஒன்றல்ல. வியாபாரம் ஸ்லாக் என்றால் மந்தம், பேச்சில் ‘டல்’. ஸ்லாக்கர் என்பவர் வேலைக்கு டிமிக்கி கொடுப்பவர். ‘ஸ்லாக்’ என்ற பெயரிலேயே ஆபீஸ் முழுக்க வேலை வாங்க ஒரு செயலி இருப்பது வேடிக்கைதான்.

‘கட் ஹிம் சம் ஸ்லாக்’ (அவனிடம் ரொம்பக் கறாராக இருக்காதே) என்பதை ‘அவனுக்குத் தளர்வு கொடு’ என்று எழுதியவர்கள் உண்டு. ஊரடங்கு அறிவிப்பு மாதிரி இருக்கும். பட்டம் விடுகிறவர்கள் நூலை விட்டுத்தான் இழுப்பார்கள். ‘கொஞ்சம் விட்டுப் பிடிங்க’ என்பது அந்த வகை. ஆனால் அதில் பிறகு பிடிக்கிற எண்ணமும் சேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அது இல்லாத இடத்தில் ‘பாவம், புதுசு, விடுங்க’ போதும்.