நில் என்று ஒரு சொல்

"நீங்க ஒருக்கா நில்லெண்டு சொல்லுங்க சேர், நிக்கிறன்."

ஏசி திருத்தும் வகுப்பின் போதனாசிரியர் சேவைச் சான்றிதழ் கேட்டு வந்தபோது சொன்னது இது. கட்டாருக்குப் போகத்தான் என்று எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். "அது உங்கட முடிவு தம்பி" என்று கையொப்பம் வைத்துக் கொடுத்தேன்.

வேறு என்ன சொல்வது? அவருக்கு மணித்தியாலக் கணக்கில்தான் கொடுப்பனவு. வகுப்பு இல்லாத மாதம் கையில் ஒன்றும் இல்லை. நிரந்தரமாக்க முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஆளணியை அனுமதிக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு, அந்தப் பேச்சை எடுக்கவே கூச்சமாகிவிட்டது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிற மனுசனை எந்த முகத்தோடு நில் என்பது?

ஆனால் அவர் என்னிடம் கேட்டது அனுமதியா என்பதில்தான் எனக்கு இன்னும் சந்தேகம். நீ இங்கே தேவை என்று ஒருவர் வாயால் கேட்டுவிட்டுப் போக நினைத்திருக்கலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லையே. சரி, சொல்லி, அவர் உண்மையாகவே நின்றிருந்தால்?

இன்னொன்றும் இருக்கிறது. என்விகியூ என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழில் நான்காம் மட்டம் எடுத்தால் வெளிநாட்டில் வேலை என்று சொல்லித்தான் களுவாஞ்சிக்குடி, செங்கலடிப் பிள்ளைகளைச் சேர்க்கிறோம். வாசலில் பேனரே கட்டியிருக்கிறோம். அதே பேனருக்குக் கீழால் நடந்து போன போதனாசிரியரைக் குறை சொல்ல முடியுமா?

வகுப்பை இப்போது மின்சாரப் பிரிவுக்காரர் பார்க்கிறார். போன கிழமை ஒரு பெடியன் செப்புக் குழாயின் வாயை விரித்துப் பூட்டிவிட்டு, கசிகிறதா என்று பார்க்கச் சவர்க்கார நுரை தடவினான். மூட்டில் குமிழ் வந்துகொண்டே இருந்தது. இன்னும் இறுக்கு என்றார் இவர். இறுக்கினான், குமிழ் நிற்கவில்லை. வெட்டிய விளிம்பில் பிசிர் எடுக்காமல் விரித்திருக்கிறான். பழையவர் என்றால் குழாயை விரலால் தடவியே சொல்லியிருப்பார்.

ஆள் எடுக்க நேர்முகம் வைத்தோம். டிப்ளோமாவோடு வந்தவருக்குக் கேஸ் வெல்டிங் கை வராது. ஏறாவூரில் கடை வைத்து வருடக்கணக்காக ஏசி திருத்துகிறவருக்கு வேலை தண்ணீர் பட்ட பாடு, கடதாசிதான் இல்லை. முன்கற்றல் அங்கீகாரத்தின்கீழ் விண்ணப்பித்தால் அனுபவத்துக்கே என்விகியூ எடுக்கலாம், நான் எழுதித் தருகிறேன் என்றேன். சந்தோசமாகத் தலையாட்டினார். அப்புறம், அந்தச் சான்றிதழ் கட்டாரில் செல்லுமா என்று கேட்டார்.