எலும்பில் எங்கே ஜன்னல் வெட்டுவது?

புதைந்த பல் என்றாலே எல்லாரும் ஞானப்பல்லைத்தான் நினைப்பார்கள். அதற்கு அடுத்தபடியாக அதிகம் புதைந்துபோவது மேல்தாடைக் கோரைப்பல். வாய் அறுவை சிகிச்சை செய்யும் எனக்கு அதிக யோசனை தருவது இந்தப் பல்தான். பெரும்பாலும் அண்ணத்துப் பக்கம் எலும்புக்குள் சாய்ந்து கிடக்கும். சில சமயம் பக்கத்து வெட்டுப்பல்லின் வேரையே கரைத்துக்கொண்டிருக்கும். வெளியே பார்த்தால் பல சமயம் ஈறில் ஒரு அடையாளமும் இருக்காது. அதனால் எலும்பில் எங்கே வெட்டுவது என்று காட்ட, பற்களின்மேல் உட்காரும் ஒரு கைடை, அதாவது வழிகாட்டித் தகட்டை, முப்பரிமாண அச்சில் செய்துகொள்கிறோம்.

இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் பல் இருப்பது தெரியும், முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது தெரியாது. அதற்காக இரண்டு கோணங்களில் சின்ன எக்ஸ்ரே எடுப்போம். குழாயை நகர்த்திய திசையிலேயே பல்லும் நகர்ந்தால் அது அண்ணப் பக்கம். எதிர்த்திசையில் நகர்ந்தால் உதட்டுப் பக்கம். நல்ல முறைதான். ஆனால் ஆழம் எத்தனை மில்லிமீட்டர், வேர்நுனி எந்தப் பக்கம் கொக்கிபோல் வளைந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் சொல்லும்.

கைடு அந்தப் படத்திலிருந்துதான் பிறக்கிறது. சி.பி.சி.டி.யில் எலும்பும் புதைந்த பல்லும் தெளிவாக வரும். உலோக உறையோ பழைய அடைப்போ இருந்தால் கடிக்கும் பரப்பு முழுக்கக் கீற்றுக் கீற்றாகக் கலங்கிவிடும். அதனால் வாயைத் தனியாக ஸ்கேன் செய்து, இரண்டையும் கணினியில் ஒன்றின்மேல் ஒன்று பொருத்துகிறோம். இந்தப் பொருத்தம் பிசகினால் பின்னால் வருவது எல்லாமே பிசகும். அதை நானே வெட்டு வெட்டாகப் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவேன்.

அடுத்தது ஜன்னல். பல்லின் தலைப்பகுதி எலும்பின் மேற்பரப்புக்கு மிக அருகில் வரும் இடத்துக்கு நேராகக் கைடில் ஒரு திறப்பு விடுவோம். சின்னதாக விட்டால் எலும்பு குறைவாகத்தான் போகும் என்று ஆசை வரும். ஆனால் எலும்பைக் குடையும் பர் சூடாகாமலிருக்க, அந்த இடுக்கில் அதன்மேல் தண்ணீர் போய்ச் சேர வேண்டுமே! எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே கெடத் தொடங்கும் என்று 1983-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால் தண்ணீருக்கும் சேர்த்தே இடம் விடுகிறேன். பற்களின்மேல் கைடு முழுசாக உட்கார்ந்ததா என்று பார்க்கவும் ஓரிரு துளைகள் வைப்பேன். அவற்றின் வழியே இடைவெளி தெரிந்தால் அந்தக் கைடை எடுத்து வைத்துவிட வேண்டியதுதான்.

கைடின் வேலை எலும்பில் கோடு போடுவதோடு முடிந்தது. பல்லின் தலை தெரிந்ததும் கழற்றிவிடுவேன். பல்லைத் துண்டாக்குவதும் நெம்புவதும் விரலின் உணர்வில் நடக்கும் வேலை.

எல்லா ஞானப்பல்லுக்கும் இந்த ஸ்கேனும் கைடும் வேண்டுமா? வேண்டாம். ஓ.பி.ஜி.யில் கீழ்த்தாடை நரம்புக்கால்வாயின் வெள்ளைக் கோடு வேரருகே அறுந்திருந்தால், அல்லது வேர் அந்த இடத்தில் கறுத்துத் தெரிந்தால், சி.பி.சி.டி. கேட்பேன். இல்லாதவருக்கு அந்தக் கதிர்வீச்சு எதற்கு?

இன்னொன்றையும் பெற்றோரிடம் அழுத்திச் சொல்கிறேன். இளவயதில் கோரைப்பல்லை எடுப்பது கடைசி வழி. அதே கைடு, அதே ஜன்னல் வழியே பல்லின்மேல் பிராக்கெட் என்ற சின்னப் பிடிப்பை ஒட்டி, மெல்லிய சங்கிலியை வெளியே விட்டு, ஈறை மூடிவிடலாம். பிறகு பல் சீரமைப்பு நிபுணர் அதை மாதக்கணக்கில் மெல்ல இழுத்து வரிசைக்குக் கொண்டுவருவார்.