போரினாஜ் உபதேசியார்

பிரெஞ்சு வகுப்பில் ஆளாளுக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். ஊர் மதுரை, அங்கே டிராயிங் டீச்சராக இருந்தேன், கணவருடைய வேலைக்காக இங்கே வந்திருக்கிறோம், அப்பா கிராமத்தில் சபை ஊழியம் பார்த்த உபதேசியார் என்று, கைவசம் இருந்த நாலு வினைச்சொற்களை வைத்து ஒப்பேற்றினேன். டீச்சரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அட, நம்ம வின்சென்ட் மாதிரி!” என்றார்.

ஞானஒளிவுபுரம் பக்கம் போனால் தெருவுக்கு ஒரு வின்சென்ட் இருப்பார். இந்தம்மா அதில் யாரைச் சொல்கிறார் என்று நிஜமாகவே ஒரு நிமிஷம் திகைத்துப் போனேன். அப்புறம்தான் ஓவியர் வான்கோ என்று விளங்கியது. வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்து அவர் சொன்னதற்குத்தான் சிரிக்க முடியவில்லை. “பாவம், இங்கேதான் அவரை ஊழியத்திலிருந்து நிறுத்தினார்கள். பிரசங்கம் செய்ய வரவில்லையாம்.”

பிரசங்கம் செய்ய வரவில்லை என்று நிறுத்தப்பட்ட இன்னொரு மனிதரை எனக்குத் தெரியும். இப்போதும் தினமும் சாயங்காலம் போன் பண்ணி, “ரசம் வச்சியா தாயி?” என்று கேட்பார்.

நாங்கள் இருப்பது பெல்ஜியத்தில் மோன்ஸ் பக்கம். போரினாஜ் என்பார்கள், ஒரு காலத்தில் நிலக்கரிச் சீமை. சுரங்கங்களை 1970-களுக்குள் மூடிவிட்டார்கள். சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய கல்லும் சாம்பலும் மட்டும் குன்று குன்றாக நிற்கின்றன, அதன் மேல் இப்போது மரம் முளைத்துவிட்டது. எங்கள் சமையலறை ஜன்னலில் ஒன்று தெரியும். எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. எந்தக் குப்பையை எந்தப் பையில் போட வேண்டும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்று சனிக்கிழமையே வெங்காயம் வாங்கி வைத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டியோடு வானிலை பற்றிக் குறை சொல்லும் அளவுக்குப் பிரெஞ்சும் வந்துவிட்டது. 1946-ல் இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் போட்டு இத்தாலியிலிருந்து ஆட்களைச் சுரங்க வேலைக்குக் கொண்டுவந்தார்களே, அந்தக் கூட்டத்தில் வந்த குடும்பம். பாட்டி கேட்டால்கூட “எல்லாம் பழகிவிட்டது” என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினால், ஒத்தக்கடையில் பஸ் திரும்பும்போது யானைமலை கூடவே வருவதுதான் ஞாபகத்துக்கு வரும். நான் ஜன்னலோரம், அப்பா பக்கத்தில், அவர் மடியில் வி.பி.எஸ்.ஸுக்கு, அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு, வாங்கிய கலர் சாக்பீஸ் டப்பா.

அப்பாவின் கதையைச் சொல்லாமல் வின்சென்ட் கதைக்குள் போக முடியாது. அப்பா முதலில் சினிமா பேனர் எழுதியவர். சிம்மக்கல் பக்கம் ஒரு பேனர் கம்பெனியில் பையனாகச் சேர்ந்து, பிரஷ் கழுவி, டீ வாங்கிக் கொடுத்து, அப்புறம் துணியில் கட்டம் போடக் கற்றுக்கொண்டவர். சின்ன போட்டோ மேல் கட்டம், பெரிய துணி மேலும் அதே கணக்கில் கட்டம். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து இழுத்துக்கொண்டே போனால் ஆள் உயர மூக்கு வந்து நிற்கும். கதாநாயகனின் கன்னத்தில் ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் நீலம். ஏன் நீலம் என்று கேட்டால், “ராத்திரி லைட்டுல பார்க்கணும்ல” என்பார்.

தமுக்கத்தில் நடந்த ஒரு எழுப்புதல் கூட்டத்துக்கு மேடைப் பின்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் ராத்திரி மிச்சக் காசை வாங்கப் போனார். பொருளாளர் செய்தி முடியட்டும் என்று உட்காரச் சொன்னார். உட்கார்ந்தவர்தான். கடைசியில் “ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்றபோது எழுந்து நின்றுவிட்டார். மிச்சக் காசு வரவே இல்லை என்பதை அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

மேலூர் தாண்டி ஒரு கிராமத்தில் அவரை உபதேசியாராகப் போட்டார்கள். மதுரைச் சீமையில் உபதேசியார் என்றால் அது பழைய ஏற்பாடு. அமெரிக்கன் மதுரா மிஷன் 1834-ல் வந்தபோதே, ஊர் ஊராகப் போய் ஜெபித்து வீட்டுக் கதை கேட்டு வர உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பசுமலையில் செமினரி வைத்து ஆள் தயார் பண்ணினார்கள். ஐயர், அதாவது சபைப் போதகர், மாதம் ஒருமுறை வருவார், உபதேசியார் அங்கேயே கிடப்பார். அப்பாவும் கிடந்தார். மேடையில் ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே சுவரில் வரைந்தார். கோயிலின் வெளிச்சுவருக்குக் கரி பூசி கரும்பலகை ஆக்கி, இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையை சாக்பீஸில் போட்டார். விதைக்கிறவனுக்கு முண்டாசு, மடித்துக் கட்டிய வேட்டி. வழியருகே விழுந்த விதையைக் கொத்துவது அசல் மேலூர்க் காக்கா. முள்ளுக்கு எங்கும் போக வேண்டியதில்லை, கோயிலைச் சுற்றிக் கருவேலம்தான். ஒரு வார்த்தை பேச மாட்டார். ஜனங்கள் படத்தைப் பார்த்து அவர்களே பேசிக்கொள்வார்கள். “நம்ம கம்மாக்கரை நிலம் மாதிரி பாறை நிலம்டா” என்று யாராவது ஆரம்பித்தால் அதுவே அன்றைக்குப் பிரசங்கம்.

இனி வின்சென்ட். அவரும் படத் தொழிலில் இருந்து வந்தவர்தான், ஆனால் விற்கிற பக்கம். 1853-ல் ஹாலந்தில் ஒரு போதகருக்குப் பிறந்து, 16 வயதில் ஹேக் நகரத்தில் குபீல் என்ற படக்கடைக்கு வேலைக்குப் போய், லண்டன், பாரிஸ் கிளைகளையும் பார்த்துவிட்டு 1876-ல் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். அதற்குள் மனசு முழுக்க வேதாகமம். இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராக இருந்துகொண்டே, அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் ரிச்மண்ட் மெதடிஸ்ட் கோயிலில் முதல் பிரசங்கம் செய்தார். எடுத்த வசனம் 119-ஆம் சங்கீதம், 19-ஆம் வசனம்: “பூமியிலே நான் பரதேசி.” ஞாயிறு பள்ளியில் அந்தச் சங்கீதத்தின் 176 வசனத்தையும் ஒப்பிக்கச் சொல்லிப் பிழிந்தெடுப்பார்களே, அதேதான்.

அப்புறம் ஆம்ஸ்டர்டாமில் இறையியல் படிக்க லத்தீனும் கிரேக்கமும் முட்டி மோதிப் பார்த்து விட்டுவிட்டார். பிரசல்ஸ் பக்கம் சுவிசேஷகர் பள்ளியில் மூன்று மாதம் பார்த்துவிட்டு, அவர்களும் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த நிலைமையில்தான் 1878 டிசம்பரில் போரினாஜுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த வருஷத் தொடக்கத்தில் வாம் என்ற ஊரில் புராட்டஸ்டன்ட் சபைகளின் சுவிசேஷக் கமிட்டி அவரை ஆறு மாதத்துக்கு நியமித்தது. மாதம் ஐம்பது பிராங்க்.

வந்தவர் என்ன செய்தார்? ரொட்டிக்காரர் வீட்டில் நல்ல அறை இருந்தும் அதை விட்டுவிட்டு ஒரு குடிசையில் வைக்கோல் மேல் படுத்தார். உடுப்பையெல்லாம் கொடுத்துவிட்டார். மர்காஸ் சுரங்கத்துக்குள் எழுநூறு மீட்டர் ஆழம் இறங்கி, அந்த ஜனங்கள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு வந்தார். 1879 ஏப்ரலில் பக்கத்து ஊரான ஃப்ராமரீயில் சுரங்கம் வெடித்து 121 பேர் செத்தார்கள். வெந்துபோனவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். எல்லாம் முடிந்து, கோடை வந்ததும், கமிட்டி நியமனத்தைப் புதுப்பிக்கவில்லை. அர்ப்பணிப்பெல்லாம் இருக்கிறது, பேச்சு வரம் இல்லை என்பது அவர்கள் எழுதிவைத்த காரணம்.

இந்த இடத்தில் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. வெந்த புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவனிடம் போய், நீ இலக்கணமாகப் பேசவில்லை என்பது என்ன கணக்கு? யாருக்குப் பேச்சு வேண்டியிருந்தது? ராத்திரி முழுக்கச் சுரங்கத்தில் கிடந்துவிட்டு வருகிறவனுக்கா, கமிட்டி மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அறிக்கை எழுதினவர்களுக்கா? நம்ம ஊரிலும் பார்த்திருக்கிறேன். தொண்டை கட்டிக்கொள்கிற மாதிரி கத்தினால் “என்ன அபிஷேகம்!” என்பார்கள். வீட்டுக்கு வீடு போய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவரை யாரும் அபிஷேகம் என்று சொன்னதில்லை. அப்பாவைப் பற்றி எங்கள் சபைக் கமிட்டியில் எழுந்த புகார் இரண்டு வரி. ஒன்று, செய்தி கொடுப்பதில்லை. இரண்டு, கோயில் சுவரை அசிங்கப்படுத்துகிறார். ஜனங்கள் கைநாட்டு வைத்து மனு கொடுத்தார்கள். மனு போன வழி தெரியவில்லை. அடுத்த வாரம் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. வெள்ளைக்கு அடியில் காக்காவின் மூக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகிற சின்னப் புராட்டஸ்டன்ட் கோயிலில் யாரும் கத்துவதில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பெஞ்சில் கொஞ்சம் வயசானவர்கள், ஆறேழு காங்கோ குடும்பங்கள். அந்தக் குடும்பங்கள் மட்டும் இல்லையென்றால் பாட்டே எழும்பாது. ஆராதனை முடிந்ததும் காபியும் ஒரு பிஸ்கட்டும். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயை ஏலம் விட்டு, சம்பந்திகள் இரண்டு பேர் வீம்புக்கு விலையை ஏற்றி, கடைசியில் ஆட்டுக்குட்டி தப்பித்து ஓடுகிற ஊரிலிருந்து வந்தவளுக்கு ஒரு பிஸ்கட். சரி, விடுங்கள்.

ஒரு சனிக்கிழமை இதே போரினாஜில் இருக்கிற குவேமில் வின்சென்ட் தங்கியிருந்த வீட்டைப் பார்க்கப் போனோம். சிவப்புச் செங்கல் வீடு, சுற்றிலும் மரம். ஊழியம் போன பிறகு அங்கேதான் உட்கார்ந்து, 1880-ல், இனி ஓவியன்தான் என்று முடிவெடுத்தார். தம்பி தேயோவிடம் அச்சுப் படங்கள் அனுப்பச் சொல்லி மில்லே என்ற பிரெஞ்சு ஓவியரின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார். அதில் அவர் விடாமல் வரைந்தது என்ன தெரியுமா? விதைக்கிறவன். ஊழியத்தை விட்டவர் உவமையை விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் பார்க்கிங் நேரம் முடியப்போகிறது என்றார்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கு எல்லாக் கதையையும் போனில் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு முதல் கேள்வி:

“சம்பளம் எம்புட்டு?”

“மாசம் அம்பது பிராங்க்ப்பா.”

“குடும்பம்?”

“இல்லப்பா, தனி ஆள்.”

“அதான் குடிசையில படுக்க முடிஞ்சிருக்கு.” அம்மா பின்னாலிருந்து ஏதோ சொன்னாள், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அப்பா தொடர்ந்தார்: “நொபிலி சாமிக்கும் இதே கதைதான். அவர் ஆர்.சி. பாதிரியார், இருந்தாலும் சொல்றேன். 1606-ல மதுரைக்கு வந்து காவி கட்டி, கறி விட்டு, தமிழ் படிச்சா, கூட இருந்த பெர்னாந்தஸ் சாமியே புகார் எழுதிட்டாரு. போப்பு சரின்னு சொல்ல 1623 ஆகிருச்சு. அவருக்காவது ரோம் வரைக்கும் போய்ப் பேச ஆள் இருந்துச்சு.”

தன்னுடைய நியமனம் போனபோது அப்பாவுக்கு என்ன தோன்றியது என்று கேட்கலாம் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. கேட்பதற்குள், “அந்த விதைக்கிறவன் படத்தை அனுப்பு” என்றார். அனுப்பினேன். 1881-ல் மில்லேயைப் பார்த்து வின்சென்ட் வரைந்தது. நீல டிக் விழுந்து ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“கோடு நல்லாத்தான் இருக்கு. ஆனா காலு நிக்கல தாயி. வெயிட்டு அங்கிட்டு இருக்கு, பாதம் இங்கிட்டு இருக்கு. கட்டம் போடாம கண்ணால எடுத்திருக்கான். நம்ம கம்பெனியில ஒரு ஆறு மாசம் இருந்திருந்தா சரியாயிருக்கும்.”

அடுத்த வருஷம் ஹேக் நகரத்தில் ஒரு மரச்சட்டத்தில் நூல் கட்டி, அதன் வழியாகப் பார்த்துத்தான் வரைய ஆரம்பித்தார் என்று பதில் போட்டேன்.

“அப்படிச் சொல்லு! எவனோ பேனர்க்காரன் சொல்லிக் குடுத்திருக்கான்.”