பதிவு வராதவர்கள், பதில் வருகிறவர்கள்

தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் சமூக ஊடகக் கணக்கு தொடங்கிக் கொடுத்து, அதை அவர்களே நடத்துகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவது என் வேலை. டாக்டர்கள், ஆடிட்டர்கள், வக்கீல்கள், கட்டடப் பொறியாளர்கள் என்று பலரும் வருவார்கள். ஐம்பதைத் தொட்டவர்கள்தான் அதிகம். தாமாக விரும்பி வருகிறவர்கள் குறைவு. வீட்டில் மகளோ அலுவலகத்தில் ஜூனியரோ நச்சரித்து அனுப்பியிருப்பார்கள்.

வந்து உட்கார்ந்ததும் இரண்டு விஷயம் சொல்வார்கள். "எனக்கு நேரமே இல்லை." "எனக்கு இந்த டெக்னாலஜி எல்லாம் வராது." இரண்டாவதை நான் நம்புவதில்லை. மூட்டுக்குள் கேமராவை விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே அறுவை சிகிச்சை செய்கிறவருக்கு ஃபேஸ்புக்கில் ஒரு படம் ஏற்ற வராதா என்ன? முதலாவதும் பாதிதான் உண்மை. வாட்ஸ்அப் குழுக்களில் போகிற நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வாய்விட்டுச் சொல்லாத மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. துறையில் இருபது, முப்பது வருடம் உழைத்துப் பேர் எடுத்தவர், இங்கே வந்து ஊரறியத் தடுமாற வேண்டும். அதை அவருடைய ஜூனியர்களும் போட்டியாளர்களும் பார்ப்பார்கள். நியாயமான தயக்கம்தான். "பயப்படாதீங்க சார்" என்று சொல்லி அதைப் போக்க முடியாது.

அதனால் முதல் நாள் பதிவு போடுவதைப் பற்றி நான் பேசுவதே இல்லை. யார் கண்ணிலும் படாமல் உள்ளே எப்படி நடமாடுவது என்று காட்டுவேன். ஃபேஸ்புக்கில் ஒருவருடைய பக்கத்தை நாம் பார்த்தால் அது அவருக்குத் தெரியாது. தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இனில் தெரியும். ஆனால் அமைப்புகளில் போய்ப் பெயர் மறைத்துப் பார்க்கும் வசதியைப் போட்டுவிட்டால் தெரியாது. ப்ரொஃபைலில் ஒவ்வொரு திருத்தம் செய்யும்போதும் எல்லோருக்கும் அறிவிப்பு போகாமல் நிறுத்தவும் வழி உண்டு. இதைச் சொன்ன பிறகுதான் பலருக்கு மூச்சு சீராகும்.

கணக்கு தொடங்கும்போதே ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் போனிலுள்ள தொடர்பு எண்களை எல்லாம் ஏற்றட்டுமா என்று கேட்கும். கேட்கிற தொனியில், வேறு வழியே இல்லை என்பதுபோல இருக்கும். தவிர்க்கும் பொத்தான் ஓரத்தில் மங்கலான எழுத்தில் ஒளிந்திருக்கும். ஒரு மருத்துவர் 'சரி, சரி' என்று எல்லாவற்றையும் அழுத்திக்கொண்டே போனார். மறுநாள் அவருடைய பழைய நோயாளிகள், கார் மெக்கானிக், எப்போதோ சண்டை போட்ட வீட்டு உரிமையாளர் என்று எல்லோருக்கும் அவர் பெயரில் அழைப்பு போயிருந்தது. வீட்டு உரிமையாளர் அதை ஏற்றுக்கொண்டார் என்பது தனிக் கதை.

இன்னொன்று மின்னஞ்சல் முகவரி. அலுவலக முகவரியைக் கொடுத்துத் தொடங்காதீர்கள். வேலை மாறினால் அந்த முகவரியோடு கணக்கும் கைவிட்டுப் போகலாம். பாஸ்வேர்டும் வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். 2012-இல் லிங்க்ட்இனிலிருந்து திருடப்பட்ட பாஸ்வேர்டு விவரங்கள் 2016-இல் 10 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளுடையதாக விற்பனைக்கு வந்தன. எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து. பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, அப்போது கிடைக்கும் மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி மேசை இழுப்பறையில் வையுங்கள். போன் தொலைந்த அன்றைக்குத்தான் அந்தக் காகிதத்தின் அருமை தெரியும்.

அப்புறம் எந்தத் தளம் என்ற கேள்வி. எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதை விற்கிறவர்கள். கூகுளின் சமூக ஊடகத் தளமான ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2011-இல் தடபுடலாக வந்து 2019-இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. கூகுள் போன்ற நிறுவனமே கைவிட்ட இடங்களுக்கெல்லாம் நாம் ஓட வேண்டியதில்லை. உங்களிடம் ஏற்கெனவே கேள்வி கேட்கிறவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே ஒரே ஒரு கணக்கு போதும். நிறுவனங்களுக்கு வேலை செய்கிறவர் என்றால் லிங்க்ட்இன். பொதுமக்கள் என்றால் ஃபேஸ்புக். செய்து காட்டித்தான் விளங்க வைக்க முடியும் என்றால் யூடியூப். அதில் ஒரு வசதி, இரண்டு வருடம் கழித்தும் தேடி வருகிறவர் கண்ணில் வீடியோ படும். மற்ற இடங்களில் பதிவுகள் இரண்டொரு நாளில் அடியில் போய்விடும். இதற்கும் நேரமில்லை என்கிறவர்களுக்கு 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இருக்கிறது. வேலை நேரம், அடிக்கடி அனுப்பும் பதில்கள், 'இப்போது பேச இயலாது' என்ற தானியங்கிச் செய்தி, இவற்றை ஒருமுறை போட்டு வைத்தால் போதும். பலருக்கு உண்மையில் தேவைப்படுவது அவ்வளவுதான். சொன்னால் கொஞ்சம் ஏமாற்றமாகப் பார்ப்பார்கள்.

ஃபேஸ்புக் என்று முடிவானால், தனிக் கணக்கை வைத்துத் தொழில் செய்யாமல் தொழிலுக்கென்று ஒரு பேஜ் தொடங்க வேண்டும். தனிக் கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. அதைவிட முக்கியம், பேரன் பிறந்தநாள் படமும் வரித் தாக்கல் நினைவூட்டலும் ஒரே இடத்தில் கலக்காது. பேஜை நிர்வகிக்க யாராவது ஒருவருடைய தனிக் கணக்கு வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களில் அதை இருப்பதிலேயே இளையவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஒரு கிளினிக்கில் அப்படித்தான் வரவேற்பில் இருந்த பையன் தன் கணக்கிலிருந்து பேஜ் தொடங்கினான். நல்ல பையன். வேறு வேலை கிடைத்துப் போனான், போன் எண்ணையும் மாற்றினான். பழைய முகவரியும் பழைய நேரமும் போட்ட அந்தப் பேஜ் அப்படியே நின்றது. நோயாளிகள் பூட்டிய கதவு வரை வந்து திரும்பினார்கள். முழு அதிகாரம் தொழிலின் உரிமையாளரிடமும், கூடவே நம்பகமான இன்னொருவரிடமும் இருக்க வேண்டும். தினசரி வேலையை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

இவ்வளவும் முடித்தபின் பதிவு எழுதும் நேரம் வரும். அங்கேதான் எல்லோரும் உறைந்து போவார்கள். ஒரு கட்டடப் பொறியாளர் என் எதிரில் காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். 'அனைவருக்கும் வணக்கம்' என்று எழுதினார். அழித்தார். 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று எழுதினார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து போன் வந்தது. யாரோ சுவரில் விரிசல் விட்டிருக்கிறது, வீடு இடிந்துவிடுமா என்று கேட்கிறார். இவர் சரளமாகப் பேச ஆரம்பித்தார். பூச்சில் மட்டும் முடி மாதிரி ஓடினால் பெரும்பாலும் கவலை வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகிறதா? ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் இருக்கிறதா? விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், சில வாரம் கழித்துப் பாருங்கள், கோட்டைத் தாண்டி வளர்ந்திருந்தால் கூப்பிடுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.

போனை வைத்தவரிடம், "இப்ப பேசினதை அப்படியே போடுங்க சார்" என்றேன். "இதையா? இது எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே" என்றார். அவர் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. போன் செய்தவருக்குத் தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது.

இத்தனை பேரைப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான். அனுபவசாலிகள் நாள் முழுக்கப் பதில் சொல்லிப் பழகியவர்கள். கேள்வி இல்லாமல் தாமாகப் பேசச் சொன்னால் வாயடைத்துப் போவார்கள், இல்லாவிட்டால் அரசு விழா மேடைத் தமிழில் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே அவர்களிடம் பதிவு கேட்கக் கூடாது. கேள்வி கேட்க வேண்டும். இந்த வாரம் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது என்ன? அதற்கு வாயால் சொன்ன பதிலைப் போனிடம் சொல்லுங்கள். விசைப்பலகையில் மைக் குறியைத் தொட்டால் தமிழில் பேசுவதை அதுவே எழுதிவிடும். பெயர்களைத் தப்பாக எழுதும், நிறுத்தக்குறி போடாது. திருத்துவது சில நிமிட வேலை.

திருத்தும்போது ஒன்றை மட்டும் தலைகீழாக்கச் சொல்வேன். இவர்கள் அறிக்கை எழுதிப் பழகியவர்கள். முன்னுரை, பின்னணி, அதற்கப்புறம்தான் விஷயம். லிங்க்ட்இனும் ஃபேஸ்புக்கும் முதல் சில வரிகளை மட்டும் காட்டிவிட்டு மீதியை 'மேலும்' என்பதற்குள் சுருட்டி வைத்துவிடும். கடைசியில் வைத்திருந்த முடிவை முதல் வரிக்குக் கொண்டு வந்தாலே பாதி வேலை முடிந்தது.

அதற்கும் தயக்கமாக இருப்பவர்கள் மற்றவர்கள் பதிவில் பதில் எழுதத் தொடங்கலாம். இணையக் குழுக்களில் 90 சதவீதம் பேர் படிக்க மட்டுமே செய்கிறார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது பேசுகிறார்கள், மீதி 1 சதவீதம்தான் பெரும்பாலும் எழுதுகிறது என்று 2006-இல் யாக்கோப் நீல்சன் ஒரு பொதுக்கணக்கு சொன்னார். இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்தவர் அவர். அந்த 90-இல் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கிருந்து 9-க்குப் போக ஒரு கமெண்ட் போதும். 'அருமை', 'சிறப்பு', கும்பிடும் கை, இவை கமெண்டில் சேராது. ஓர் ஆடிட்டர் அம்மா மாதக்கணக்கில் ஒரு பதிவும் போடவில்லை. யாராவது வரி விஷயத்தில் அரைகுறையாக எழுதியிருந்தால் கீழே போய், "இந்த விலக்கு எல்லாருக்கும் பொருந்தாது, இன்னின்ன நிபந்தனை உண்டு" என்று இரண்டு வரி எழுதுவார். பதிவை எழுதியவரை விட்டுவிட்டு அவரிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். இதைத்தான் செல்வாக்கு என்று மேடையில் படம் போட்டு விளக்குகிறார்கள்.

பதில் சொல்வதிலும் எல்லை உண்டு. மருத்துவரோ வக்கீலோ, ஒரு குறிப்பிட்ட ஆளின் பிரச்சினைக்குப் பொதுவெளியில் தீர்வு சொல்லக் கூடாது. பொதுவான விளக்கத்தோடு நிறுத்திக்கொண்டு நேரில் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்தத் தொழில்களுக்குப் பல நாடுகளில் விளம்பரம் பற்றிக் கறாரான விதிகள் இருக்கின்றன. கணக்கு தொடங்குமுன் உங்கள் தொழில் அமைப்பின் விதியைப் படித்துவிடுங்கள். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. வயது, தேதி, அபூர்வமான நோய், இந்த மூன்றும் சேர்ந்தாலே சொந்தக்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எக்ஸ்ரே படத்தின் மூலையில் பொடி எழுத்தில் பெயர் இருக்கும். அலுவலகத்தில் எடுத்த குழுப் படத்தில் பின்னால் இருக்கும் கணினித் திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு வாடிக்கையாளர் கோப்பே திறந்திருக்கும்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கமெண்டுக்கும் தனிச் செய்திக்கும் மட்டும் நோட்டிஃபிகேஷனை வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள். தினமும் செய்கிற ஏதாவது ஒரு வேலைக்கு அடுத்து பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கும் வசதி எல்லாவற்றிலும் வந்துவிட்டது. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. பதிவு போன நேரத்தில் நீங்கள் அறுவை சிகிச்சை அறையில் இருப்பீர்கள், கீழே கேள்விகள் காத்துக் கிடக்கும். ஏதோ பெரிய விபத்து நடந்து எல்லோரும் துக்கத்தில் இருக்கிற அன்றைக்கு உங்கள் பேஜ் மட்டும் சிரித்த முகத்தோடு தள்ளுபடி அறிவிக்கும்.

ஓரளவு ஆட்கள் சேர்ந்ததும் மிரட்டல் செய்தி வர ஆரம்பிக்கும். 'உங்கள் பேஜ் காப்புரிமையை மீறியிருக்கிறது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இங்கே அழுத்தவும்' என்று தளத்தின் சின்னத்தோடு வரும். பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும். அழுத்த வேண்டாம். செயலிக்குள் போய் உங்கள் கணக்கின் நிலையைப் பாருங்கள், உண்மையான அறிவிப்பு என்றால் அங்கே இருக்கும். வாட்ஸ்அப் கணக்கைத் திறக்க உங்கள் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும், நெருங்கிய நண்பர் எண்ணிலிருந்தே கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்த நண்பரின் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கக் கூடும்.

எல்லாம் கற்றுக்கொண்ட பிறகு எனக்கு இது வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. ஒரு வக்கீல் மேடம் அப்படித்தான். நன்றாக எழுதுவார், ஆனால் விருப்பமில்லை. "அப்ப கணக்கை அழிச்சிடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ப்ரொஃபைலை மட்டும் நிரப்பினோம். லிங்க்ட்இனில் பெயருக்குக் கீழே வரும் வரிக்கு 220 எழுத்து வரை இடம் தருகிறார்கள். அங்கே 'மூத்த வழக்கறிஞர்' என்று மட்டும் இருந்ததை எடுத்துவிட்டு, எந்த மாதிரி வழக்குகள் பார்க்கிறார் என்று எழுதினோம். சமீபத்தில் எடுத்த படம், சரியான போன் எண், அவ்வளவுதான். அவர் பெயரைத் தேடுகிறவர்களுக்கு இப்போது அது முதலில் வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே போய் எண்ணும் முகவரியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்.